பந்திக்கு முந்தும் படம்

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பது நம் மக்களின் வழக்கு. ஆனால் இன்றைய நாளில் நாம் எவ்வளவு விரைந்து சென்றாலும், பந்திக்கு நமக்கு முன்னரே சென்று அமர்ந்துகொள்வது ஒன்று உண்டு. அதுதான் படம். ஓட்டல் வாயிலின் ஒளிப்பலகையில் பொன்னிறத்தில் நெய் ரோஸ்ட் சுருண்டு கிடக்கிறது. மேசைமீது வைக்கும் மெனு கார்டில் பிரியாணி ஆவி பறக்கிறது. கைப்பேசியைத் திறந்தால், நகரிலுள்ள அத்தனை சமையற்கட்டுகளும் சிறு சிறு கட்டங்களாக வரிசையில் நின்று நம்மை அழைக்கின்றன.

முன்பெல்லாம் ஓட்டலுக்கு விளம்பரம் அதன் மணந்தான். கடைத்தெருவில் நடந்து போகிறவனை வெங்காய சாம்பாரின் மணமே கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்துவிடும். கைப்பேசிக்கு மணம் இல்லை; சுவை இல்லை; சூடும் இல்லை. அம்மூன்றின் வேலையையும் கண் ஒன்றே செய்யவேண்டியிருக்கிறது. ஆகவே, உணவைப் படம் எடுத்தல் தனித்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. 2008-இல் வேறொரு பெயரில் தொடங்கி 2010-இல் சொமாட்டோ எனப் பெயர் மாறிய நிறுவனமும், 2014-இல் பெங்களூரில் தோன்றிய ஸ்விக்கியும் ஊர்தோறும் பரவிய பின்னர், பெருநகர விடுதிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்த இத்தொழில் நம் போன்ற சிறு நகரங்களின் ஓட்டல்களுக்கும் வந்து சேர்ந்தது.

நான் இயற்பியல் பயிலும் மாணவன். விடுமுறை நாட்களில் எங்கள் நகரிலுள்ள ஸ்டூடியோ ஒன்றுக்கு உதவியாளாகச் சென்று வருகிறேன். விளக்குத் தூக்குவதும், வெள்ளைத்துணி பிடிப்பதும், தட்டின் விளிம்பைத் துடைப்பதுமே என் வேலை. வகுப்பில் கரும்பலகையில் கண்ட ஒளியியலை ஒரு தட்டு இட்டிலியின்மீது காணும் வாய்ப்பு எனக்கு அங்கே கிடைத்தது. அந்நுட்பங்களையும், அவற்றோடு பிரிக்க முடியாமல் பிணைந்திருக்கும் ஓர் அறக் கேள்வியையும் இக்கட்டுரையில் நண்பர்களுக்கு எடுத்துக் கூற விழைகிறேன்.

சிறிது வரலாறு

உணவைப் படம் பிடிக்கும் ஆசை புகைப்படக் கலையின் தொடக்க நாட்களிலேயே தோன்றிவிட்டது. 1839-இல் இக்கலை உலகறிய வெளிவந்தது. ஆங்கில நாட்டு அறிஞர் டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'இயற்கையின் பென்சில்' என்னும் நூலிலேயே கூடை நிறையப் பழங்கள் வைத்து எடுத்த படம் ஒன்று உண்டு. 1855-இல் கிரிமியப் போர்க்களத்தைப் படம் எடுத்துப் புகழ்பெற்ற ரோஜர் பென்டன் என்பவரும், 1860-இல் திராட்சையும் அன்னாசியும் குவித்து வைத்து அழகிய படங்கள் எடுத்தார். ஆனால் அவையெல்லாம் வண்ணமற்ற படங்கள். வண்ணமில்லாத உணவு பசியைத் தூண்டுமோ? 1936-இல் கோடாக்ரோம் வண்ணச் சுருள் சாதாரணக் காமிராவுக்கும் கிடைக்கத் தொடங்கிய பிறகே சமையல் நூல்களிலும் விளம்பரங்களிலும் உணவுப் படம் உயிர் பெற்றது எனலாம். சுருள் போய் எண்முறைக் காமிரா வந்தபின், எடுத்த படத்தை எடுத்த நொடியிலேயே பார்க்க முடிந்தது. நம் ஊர் ஓட்டல்களுக்கு இத்தொழில் எட்டியதற்கு அந்த மாற்றமே வழி திறந்தது.

ஒளி என்னும் முதற் சரக்கு

சமையலுக்கு உப்பு எப்படியோ, உணவுப் படத்துக்கு ஒளி அப்படி. எவ்வளவு ஒளி என்பதைவிட, எத்திசையிலிருந்து வரும் ஒளி என்பதே இங்கு முதற் கேள்வி.

காமிராவின் நெற்றியிலுள்ள பிளாஷ் விளக்கு உணவுக்குப் பகை. நேர் எதிரே பாயும் ஒளியில் நிழல் பின்புறம் மறைந்துவிடும். நிழல் இல்லாத இடத்தில் மேடுபள்ளம் தெரியாது. மெதுவடையின் மொறுமொறுப்பும், ஆப்பத்தின் ஓரத்துச் சல்லடையும், பரோட்டாவின் அடுக்கும் மேடுபள்ளங்களாலேயே நமக்குத் தெரிகின்றன. ஆதலால் ஒளி பக்கவாட்டிலிருந்தோ, சற்றே பின்புறத்திலிருந்தோ வரவேண்டும். அப்போது ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு மெல்லிய நிழல் விழும்; கண் அதைத் தொட்டுப் பார்ப்பதுபோல் உணரும்.

குழம்பின்மேல் மிதக்கும் எண்ணெயும், அல்வாவின் நெய்யும் பளபளக்க வேண்டுமானால் பின்னொளி இன்றியமையாதது. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று நாம் பள்ளியிலேயே படித்தோம். பின்னாலிருந்து வரும் ஒளி வழவழப்பான பரப்பில் பட்டு, அதே கோணத்தில் முன்னே இருக்கும் காமிராவுக்குள் வந்து சேர்கிறது. அதுவே பளபளப்பு. இதே விதிதான் எவர்சில்வர் தட்டில் நம்மைத் தொல்லைப்படுத்துவதும். தட்டு கண்ணாடியாகிச் சமையற்கட்டையும், விளக்கையும், படம் எடுப்பவரின் சட்டையையும் காட்டிக்கொண்டிருக்கும். தட்டைச் சிறிது சாய்த்தோ, விளக்கை நகர்த்தியோ, அதில் தெரியும் பொருளை ஒரு வெள்ளை அட்டையாக மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

ஆவி பறக்கும் காப்பியைப் படம் எடுப்பதிலும் ஓர் இயற்பியல் உண்டு. நாம் ஆவி என்று சொல்வது மிக நுண்ணிய நீர்த்திவலைகளின் கூட்டம். அத்திவலைகள் தம்மேல் படும் ஒளியைப் பெரும்பாலும் அது சென்றுகொண்டிருந்த திசையிலேயே சிதறடிக்கின்றன. எனவே விளக்கு பின்னால் இருந்தால்தான் அச்சிதறல் காமிராவை நோக்கி வரும். பின்னணி இருண்டிருந்தால்தான் அது கண்ணுக்குப் புலப்படும். வெள்ளைச் சுவரின் முன் வைத்து எடுத்தால் கொதிக்கும் காப்பியும் ஆறிய காப்பியாகவே தோன்றும்.

இத்தனைக்கும் விலையுயர்ந்த விளக்குகள் தேவையோ என்று கேட்பீர்கள். தேவையில்லை. வடக்குப் பார்த்த சன்னல் ஒன்று போதும். வெயில் நேராக விழும் சன்னலானால், அதன்மேல் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிடவேண்டும். துணியின் வழியே வரும் ஒளி பரந்து மென்மையாகிறது; நிழலின் ஓரம் கூர்மை இழக்கிறது. சன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்தினால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி நிழலின் இருட்டைத் தேவையான அளவு குறைக்கும். பலகையை அருகே கொண்டுவந்தால் நிழல் தேயும்; தள்ளி வைத்தால் வளரும்.

நிறம் மாற்றும் விளக்குகள்

பல ஓட்டல்களில் சன்னலே இருப்பதில்லை. கல்லாவின் மேல் ஒரு மஞ்சள் விளக்கு, கூடத்தில் டியூப்லைட், வாசலில் பகல் வெளிச்சம் என மூன்றும் கலந்திருக்கும். நம் கண் இவற்றை ஒன்றாகச் சமன்செய்து கொள்ளும். காமிராவுக்கு அந்தப் பக்குவம் இல்லை.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் அளவால் குறிப்பர். மெழுகுவத்தி ஏறத்தாழ 1900, பழைய குண்டு விளக்கு ஏறத்தாழ 2800, நண்பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500. எண் குறைந்தால் செம்மஞ்சள், கூடினால் நீலம். காமிராவில் இதற்கேற்ற சமன்பாட்டை அமைக்கலாம். ஆனால் ஒரே தட்டின் இடப்பக்கம் ஓர் ஒளியும் வலப்பக்கம் வேறோர் ஒளியும் விழுந்தால், எந்தச் சமன்பாடும் இரண்டையும் ஒருங்கே திருத்தாது. தயிர்ச்சாதத்தின் ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி நீலமாகவும் நிற்கும். ஆகவே ஒருவகை ஒளியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடுவதே முறை.

டியூப்லைட்டில் இன்னொரு குறை. அதனுள்ளிருக்கும் பாதரச ஆவி 546 நானோமீட்டர் அலைநீளத்தில் வலுவான பச்சைக் கோடு ஒன்றை உமிழ்கிறது. கீரைக்கு அது கேடு செய்யாது. கறிக் குழம்பின்மேல் அந்தப் பச்சை படர்ந்தால் உண்ணும் எண்ணமே போய்விடும். மலிவான எல்.இ.டி. விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு குறைவாக இருப்பதால் மிளகாய்ச் சிவப்பும் கறியின் நிறமும் சாம்பல் பூத்துவிடும். நிறக்காட்டு எண் 90-க்கு மேற்பட்ட விளக்கை வாங்குவது இதனால்தான். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. எனவே இவ்விளக்குகளில் பல நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என வைத்துக்கொண்டால், படத்தில் கருங்கோடுகள் விழாமல் தப்பலாம்.

இட்டிலியின் வெண்மை

எல்லாவற்றிலும் எளிய பண்டம் இட்டிலி. படம் எடுப்பதற்கு எல்லாவற்றிலும் கடினமான பண்டமும் அதுவே. காரணம், காமிராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பதெல்லாம் சராசரியாக 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பல் நிறம் என்று எண்ணிக் கணக்கிடும் இயல்புடையது. சட்டம் நிறைய வெள்ளை இட்டிலியைக் காட்டினால், 'ஒளி மிகுந்துவிட்டது' என்று கருதி அது குறைத்துவிடும். மல்லிகைப்பூ இட்டிலி பழைய சோற்றின் நிறத்தில் வந்து நிற்கும். ஆகவே இட்டிலிக்கும், இடியாப்பத்துக்கும், தயிருக்கும் ஒளியை ஒரு படி கூட்ட வேண்டும். இதற்கு மாறாக மிளகு வறுவலுக்கும் கருப்பட்டி அல்வாவுக்கும் ஒரு படி குறைக்க வேண்டும்.

கூட்டுவதிலும் அளவு உண்டு. மிகக் கூட்டினால் இட்டிலியின் மேலுள்ள நுண்துளைகள் மறைந்து, வெள்ளைக் காகிதம் வெட்டி வைத்தாற்போல் ஆகிவிடும். வெண்மையும் வேண்டும், துளையும் தெரிய வேண்டும். அதற்குப் பக்கவாட்டு ஒளியே துணை.

கோணமும் இலையும்

உணவுப் படத்துக்குப் பொதுவாக மூன்று கோணங்கள். நாற்காலியில் அமர்ந்து உண்பவன் காணும் 45 பாகைக் கோணம் பெரும்பாலான பண்டங்களுக்குப் பொருந்தும். உயரம் உடையவற்றை, அதாவது உப்பிய பூரி, அடுக்கிய பரோட்டா, நுரை ததும்பும் டபரா காப்பி முதலியவற்றைத் தாழ்ந்து நின்று நேரே நோக்க வேண்டும். பரந்து கிடப்பவற்றை மேலிருந்து நோக்க வேண்டும்.

மேலிருந்து நோக்குவதற்கென்றே பிறந்தது வாழையிலைச் சாப்பாடு. ஆனால் இதில் நம் மரபு தெரிந்திருக்க வேண்டும். இலையின் நுனி உண்பவருக்கு இடப்பக்கம் இருத்தல் வேண்டும், கறி, கூட்டு, ஊறுகாய் மேற்பாதியில், சோறு கீழ்ப்பாதியில். அச்சுக்கு வடிவமைப்பவர் இடமின்மை கருதிப் படத்தை வலமிடமாகத் திருப்பிவிட்டால், நுனி வலப்பக்கம் போய்விடும். நகரத்து இளைஞர் கவனியாமல் போகலாம்; வீட்டிலுள்ள பாட்டி பார்த்த நொடியிலேயே, "இலையே போடத் தெரியாத கடையா?" என்று கேட்டுவிடுவார். சுடுசோறு பட்ட இடத்தில் இலை கறுத்துவிடும் ஆதலால், மற்ற யாவும் அமைந்த பின்னரே சோற்றை இடுவது வழக்கம்.

ஒவ்வோர் ஊர்ப் பண்டத்துக்கும் ஒரு தனிக் குணம் உண்டு. திண்டுக்கல் பிரியாணிக்குச் சீரகச் சம்பா அரிசி, மணி சிறியது. எட்ட நின்று எடுத்தால் வெறும் பழுப்புக் குவியலாகத் தெரியும். நெருங்கி எடுத்தால்தான் மணி மணியாகப் பிரியும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்குப் பின்னொளி கொடுத்தால் பொரிந்த ஓரம் கண்ணாடிபோல் மின்னும்.

கைப்பேசியால் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதன் அகன்ற லென்சைத் தட்டின் அருகே கொண்டுபோனால் முன் விளிம்பு பெருத்தும் பின் விளிம்பு சிறுத்தும் தோன்றும். ஓரடி பின்வாங்கி, இருமடங்கு பெரிதாக்கி எடுத்தால் தட்டு தன் உருவில் நிற்கும்.

அடுப்பும் கடிகாரமும்

உணவுக்கு ஆயுள் மிகக் குறைவு. நெய் ரோஸ்ட் கல்லிலிருந்து இறங்கிய சில நிமிடங்களில், தன்னுள்ளிருக்கும் நீராவியாலேயே துவண்டுவிடும். அப்பளம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நமத்துப்போகும். சாம்பாரின்மேல் ஆடை படரும். ஆட்டுக்கறிக் குழம்பு ஆறினால் கொழுப்பு உறைந்து வெள்ளைப் படலம் கட்டும். கீரையை நெடுநேரம் கொதிக்கவிட்டாலோ புளி சேர்த்தாலோ, பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியம் வெளியேறி அது பாசி நிறமாகிவிடும். காப்பியின் நுரையோ கண்ணெதிரே உடைந்து மறையும்.

ஆகவே தேர்ந்த தொழிலாளர் உணவு வருவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுகிறார். காலித் தட்டில் ஓர் உருளைக்கிழங்கையோ ஒரு பழைய வடையையோ வைத்து, ஒளியையும் கோணத்தையும் குவியத்தையும் சரிபார்த்துக்கொள்கிறார். காமிரா ஸ்டாண்டில் அசையாமல் நிற்கிறது. தயார் என்று குரல் கொடுத்தபின் தோசைக்கல்லில் மாவு விழுகிறது. தட்டு மாற்றப்பட்டதும் படபடவென்று நான்கைந்து படங்கள், அவ்வளவே.

இதற்கு மாஸ்டரின் ஒத்துழைப்பு வேண்டும். பகல் பந்தி தொடங்கும் நேரத்தில் காமிராவோடு சமையற்கட்டில் நுழைந்தால் வரவேற்பு எப்படி இருக்குமென்று சொல்லத் தேவையில்லை. காலைக் கூட்டம் ஓய்ந்து பகல் சமையல் இறங்கும் நேரமும், பிற்பகல் மூன்று மணிக்கு மேற்பட்ட வேளையும் ஏற்றவை. நான் கண்ட அளவில், படத்தின் பாதி வெற்றி மாஸ்டரின் கையில்தான் இருக்கிறது. எந்தப் பரோட்டா நன்றாக அடுக்கு விட்டிருக்கிறது, எந்த வடைக்கு ஓட்டை நடுவில் விழுந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிவதுபோல் வேறெவருக்கும் தெரியாது.

ஒப்பனை எதுவரை?

இனி அறக் கேள்விக்கு வருவோம். மேல்நாட்டு விளம்பர உலகில் உணவு ஒப்பனை என்று ஒரு தனிக்கலை வளர்ந்தது. ஸ்டூடியோ விளக்குகளின் சூட்டில் ஐஸ்கிரீம் உருகிவிடும் என்பதால் உருளைக்கிழங்கு மசியலை உருட்டி வைப்பதும், பழங்களின்மேல் கிளிசரின் கலந்த நீரைத் தெளித்துப் பனித்துளி உண்டாக்குவதும், பாகுக்குப் பதில் இயந்திர எண்ணெயை ஊற்றுவதும் அக்கலையின் உத்திகள்.

இவற்றில் எது அழகு, எது பொய்? அமெரிக்க நாட்டில் இக்கேள்வி உயர் நீதிமன்றங்கள்வரை சென்றது. 1965-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு முகச்சவர நுரையின் தொலைக்காட்சி விளம்பரம் பற்றித் தீர்ப்புக் கூறியது. உப்புத்தாளையே மழித்துக் காட்டும் நுரை என்றார்கள். உண்மையில் திரையில் காட்டியது கண்ணாடி போன்ற பலகையில் தூவிய மணல். அவ்வழக்கில் ஐஸ்கிரீமுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு வைக்கும் உவமையும் ஆராயப்பட்டது. போலிப் பொருளைத் தம் கூற்றுக்குச் சான்றாக நிறுத்துகிறார்களா, இல்லையா என்பதே வேறுபாடு என்று நீதிமன்றம் விளக்கியது.

1970-இல் இன்னொரு வழக்கு முடிவுற்றது. காம்பெல் சூப் நிறுவனத்தின் விளம்பரங்களில், கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டு அதன்மேல் சூப்பை ஊற்றியிருந்தனர். அடியில் தங்கவேண்டிய காய்கறித் துண்டுகள் மேலே வந்து நின்றன. காய்கறி நிறைந்த சூப் என்ற தோற்றம் உண்டாயிற்று. அந்நாட்டு வாணிக ஆணையம் அவ்வகைக் காட்சிக்குத் தடையாணை பிறப்பித்தது. கோலிக்குண்டைத் தவிர அக்கிண்ணத்தில் இருந்தவை யாவும் உண்மையான சூப்புத்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பொருள் உண்மை, அளவு பொய்.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, உணவின் தன்மையையும் தரத்தையும் பற்றிப் பொய்யாகவோ திசைதிருப்பும் வகையிலோ விளம்பரம் செய்வோருக்கு 10 இலட்சம் ரூபாய்வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் திசைதிருப்பும் விளம்பரங்களைத் தடுக்க வகை செய்கிறது.

நான்கு துண்டுக் கறி

சட்டம் எங்கோ இருக்கிறது. கேள்வி நம் தெருவில் எழுகிறது. பேருந்து நிலையத்தருகே உள்ள ஓர் ஓட்டலில் மட்டன் பிரியாணியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். அங்கே ஒரு பிளேட்டுக்கு நான்கு துண்டுக் கறி. முதலாளி அருகில் வந்து பார்த்தார்.

"தம்பி, இன்னும் நாலு துண்டு மேல வச்சு எடுத்துக்கிடுங்க. படந்தானே!"

"அண்ணாச்சி, நாளைக்குப் பார்சலைப் பிரிக்கிறவங்க எண்ணிப் பாப்பாங்களே" என்றேன்.

"எல்லாக் கடையிலயும் அப்படித்தான் போட்டிருக்கான். நாம மட்டும் நாலு துண்டக் காட்டுனா நம்மகிட்ட யாரு வருவா?"

அவர் கேட்டதில் பேராசை எதுவும் இல்லை. எதிர்க்கடையின் படத்தில் எலும்பும் கறியும் மலைபோல் குவிந்திருந்தன. இவர் கடையின் கறி அதைவிட நன்றாக வெந்திருக்கும். அது படத்தில் தெரியாது. பொய்ப்படங்களின் சந்தையில் மெய்ப்படம் ஏழையாகத் தோன்றுகிறது என்பதே அவருடைய அச்சம். அந்த அச்சத்துக்கு விடை சொல்லாமல் வாய்மையைப் பற்றி மட்டும் அவரிடம் பேசுவதில் பயனில்லை.

விடை மாஸ்டரிடமிருந்து வந்தது. "மொதலாளி, அளவு அதே அளவு இருக்கட்டும். சோத்தக் கொஞ்சம் ஒதுக்கி, அந்த நாலையும் மேல எடுத்து வைக்கேன். வெந்த பதம் தெரிஞ்சாப் போதும்லா" என்றார். அவ்வாறே செய்தார். ஒரு துண்டைச் சற்றே பிரித்து, நார் நாராகப் பிரியும் பக்குவம் தெரியும்படி வைத்தார். பின்னொளியில் அது மின்னியது. நெருங்கி எடுத்த அந்தப் படத்தையே முதலாளியும் தேர்ந்தெடுத்தார்.

கறியை மேலே எடுத்து வைப்பதும் கோலிக்குண்டு போடுவதும் ஒன்றல்லவா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நானும் இதை எண்ணிப் பார்த்தேன். கோலிக்குண்டு, பார்ப்பவர் கணக்கைக் கலைக்கிறது. மேலே இவ்வளவு என்றால் அடியிலும் இவ்வளவு இருக்கும் என்று அவரை நம்பவைக்கிறது. மாஸ்டர் வைத்த நான்கு துண்டு நான்காகவே தெரிகிறது. அட்டையிலும் 'நான்கு துண்டு' என்று எழுதிவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை. வீட்டில் விருந்தினருக்குப் பரிமாறும்போது நல்ல துண்டை மேலே வைத்துத் தருகிறோமே, அது வஞ்சனையன்று. இருப்பதை எடுத்துக் காட்டுவது ஒப்பனை. இல்லாததை இருப்பதாகக் காட்டுவது பொய். இந்த எல்லைக்குள் நின்றே ஒளியாலும் கோணத்தாலும் எவ்வளவோ செய்ய முடியும். நுட்பம் என்பதெல்லாம் அதற்காகத்தான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். படமும் அந்த ஒரு சோறுதான். ஆனால் அந்தச் சோறு அதே பானையிலிருந்து எடுத்ததாக இருக்கவேண்டும் அன்றோ!

கடன் வாங்கிய படங்கள்

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இப்போது பரவியிருக்கிறது. எங்கோ ஒரு விடுதிக்காக எடுத்த படத்தை எடுத்துத் தம் கடைப் பலகையில் போட்டுக்கொள்வது ஒருவகை. கணிப்பொறியிடம் 'வாழையிலையில் தோசை' என்று எழுதிக் கேட்டு, அது தானே தீட்டித் தரும் படத்தைப் போட்டுக்கொள்வது மற்றொரு வகை. இரண்டுக்கும் செலவு குறைவு, தோற்றமோ பளபளப்பு. முதல்வகையில் வேறொருவர் சமைத்த உணவாவது இருக்கிறது. இரண்டாவதிலோ எவருமே சமைக்காத உணவு!

இதனால் இழப்பு யாருக்கு? உண்பவர் ஒருமுறை ஏமாந்து போவார், மறுமுறை வரமாட்டார். வெளியூர்க் கூட்டத்தை நம்பும் பெரிய விடுதி அதைத் தாங்கிக்கொள்ளும். நாள்தோறும் அதே முகங்களை நம்பிக் கல்லாவைத் திறக்கும் சிறு ஓட்டலுக்கு அது தாங்காது. படத்தில் கண்ட தோசை வேறு, தட்டில் வந்த தோசை வேறு என்றானபோது, தட்டில் வந்தது நல்ல தோசையாகவே இருந்தாலும் குறைபட்டதாகவே தோன்றும். பொய்ப்படம் முதலில் அவமதிப்பது அந்தக் கடையின் மாஸ்டரைத்தான்.

உரிமையும் ஊதியமும்

இத்தொழிலில் ஊதியம் பெரும்பாலும் ஒரு பண்டத்துக்கு இவ்வளவு என்றோ, ஒரு நாளுக்கு இவ்வளவு என்றோ பேசப்படுகிறது. எம்முறையானாலும் எழுத்தில் செய்துகொள்வது நன்று. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாவிடில், பணம் கொடுத்தவரே ஆவார். பலரும் இதை மாற்றி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எடுத்தவர் தம் மாதிரித் தொகுப்பில் அப்படத்தைச் சேர்க்க விரும்பினால், அதை முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். ஓட்டல்காரரும் தம் படத்தை அடுத்த கடைக்காரர் எடுத்தாண்டால் கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு

இத்தொழிலைக் கற்க விரும்பும் நண்பர்கள் காமிரா வாங்கும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கையிலுள்ள கைப்பேசி, ஒரு வெள்ளை வேட்டி, ஒரு தெர்மாகோல் பலகை, வீட்டுச் சன்னல் ஆகியவை போதும். ஒரே இட்டிலியைக் காலை ஏழு மணிக்கும், பத்து மணிக்கும், மாலை நான்கு மணிக்கும் அதே இடத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள். முன்னொளி, பக்கவொளி, பின்னொளி என மாற்றி மாற்றி எடுத்து மூன்றையும் ஒப்பிடுங்கள். எந்தப் புத்தகமும் கற்றுத் தராததை அந்த இட்டிலி கற்றுத் தரும். எடுத்து முடித்தபின் உண்ணவும் செய்யலாம் என்பது இப்பாடத்தின் தனிச்சிறப்பு!

கடைக்குச் சென்று எடுக்கும் நிலை வந்ததும் மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள். முதலாவது, அந்தக் கடையில் அன்று பரிமாறும் உணவையே எடுங்கள். இரண்டாவது, அளவைக் கூட்டச் சொன்னால் கூட்டாதீர்கள். அதற்கு ஈடாக ஒளியில் உழையுங்கள். மூன்றாவது, சமைத்தவரை அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். தம் கையால் வார்த்த தோசை திரையில் ஒளிர்வதைக் கண்டு, "இது நம்ம கல்லுல வார்த்ததா!" என்று ஒரு மாஸ்டர் வியக்கும்போது, படம் நன்றாக வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அடுத்து, மேசையில் அமர்ந்திருப்பவர் மெனு கார்டையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உண்ணத் தொடங்குவாரானால், அது உண்மையாகவும் வந்திருக்கிறது என்று பொருள்.